ஓம், உங்கடை கார்தான்

நோர்வேயில் பழைய காரை வைத்திருப்பது ஓடுவதற்கல்ல, துடைப்பதற்கு. பக்கத்து வீட்டு ஆர்னே ஞாயிறு வந்தால் தன் 'வெத்தரான்பில்'லை வெளியே எடுத்து நிறுத்துவார். பழங்காருக்கு இங்கே அப்படியொரு மரியாதைப் பெயர். பிறகு குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். மழை தூறினால் கார் உள்ளே போய்விடும், ஆர்னே நனைந்துகொண்டு நிற்பார். மனிதருக்கு வேறு வேலை இல்லையாக்கும் என்று நினைத்திருந்தேன். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருப்பவர் என்று பிறகு தெரியவந்தது. என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளத் தேவை ஏற்படவில்லை.

ஒருநாள் வேலியோரம் நின்று, உங்கள் நாட்டில் கார் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். இருந்தது, ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி, மண்ணெண்ணெயில் ஓடியது என்றேன். நான் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் வராமல் இலங்கை அரசாங்கம் தடைபோட்டிருந்த யுத்தகாலம் அது. பதுக்கி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, தள்ளி ஸ்ரார்ட் பண்ணி, அதன்பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம் என்று விளக்கினேன். இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டார். "அம்மா" என்றேன். நான் சொன்னது தள்ளியதை மட்டும். அவர் எல்லாவற்றையும் அம்மாவின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, என்னோடு வசிக்கும் அம்மாவைக் கூட்டிப்போய்ப் பொனற்றைத் திறந்து காட்டினார். மனைவியிடம் அம்மாவை மெக்கானிக் என்று அறிமுகம் செய்தார். அம்மா எஞ்சினைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் பின்பக்கம் போய், டிக்கியின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பார்த்தார். ஏதோ சோதனை நடக்கிறதென்று ஆர்னே பூரித்துப்போனார்.

உடுப்பிட்டியில் எங்கள் காரை அப்பா ஓட்டுவார். முன்சீற்றில் அண்ணன், பின்சீற்றில் நான். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவார். எஞ்சின் பிடித்தபிறகு அப்பா நிறுத்தமாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடும். தொண்டைமானாற்றுச் சன்னதிக்குக் குடும்பமாகப் புறப்படும் நாட்களில், ஒழுங்கை முகப்பில் புகைக்குள் நிற்கும் அம்மாவைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். பட்டுச்சேலையோடு நடந்து அவர் வந்துசேரும்போது பூசை முடிந்திருக்கும். கார் வைத்திருக்கும் குடும்பம் என்ற பெருமையில் இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இடப்பெயர்வின்போது சாவகச்சேரியில் யாரிடமோ காரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அப்பா நோர்வேயில் காலமானார். அதற்குப்பிறகுதான் அந்தக் கார் வளரத் தொடங்கியது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் ஒவ்வொரு திவசத்துக்கும் அதன் அழகைக் கொஞ்சம் கூட்டுவார். கடைசியில் யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் பூச்சரம் சுற்றிய ஏ ஃபோர்ட்டி ஒன்றைக் கண்டு, "அப்பான்ரை கார்!" என்று விடியற்காலையில் எனக்குப் போன் எடுத்தார். இலக்கம் வேறாக இருக்கிறதே என்றேன். மாத்தியிருப்பாங்கள் என்றார். எங்கள் கார் கறுப்பு, இது பச்சை என்றேன். பெயின்ற் அடிச்சிருப்பாங்கள் என்றார். ஊரில் நடக்கப்போகும் தன் மகனின் கலியாணத்தில், மாப்பிள்ளை அப்பப்பாவின் காரில்தான் வந்து இறங்கவேண்டுமாம். இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். கனடாவில் இருந்து வாசிக்கிறவர்கள் என்னோடு கோபிப்பீர்கள்.

அண்ணனின் உத்தரவுப்படி அம்மாவும் நானும் ஊருக்குப் பறந்து, அந்தப் படத்துக் காரைத் தேடிச் சுன்னாகத்துக்குப் போனோம். கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் குகன், நான் வாய் திறந்து முடிப்பதற்குள், "ஓம் அக்கா, உங்கடை அப்பான்ரை கார்தான்" என்றார். போனில் வீடியோவில் இருந்த அண்ணன் ஸ்ரியறிங்கைக் காட்டச் சொன்னார். காட்டினேன். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அம்மா ஸ்ரியறிங் பக்கமே போகவில்லை. பின்னால் போய், குனிந்து, டிக்கியில் உள்ளங்கைகளை ஊன்றினார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இது எங்கடை கார் இல்லை" என்றார். எங்கள் டிக்கியில் வெல்டிங் செய்த தழும்பு ஒன்று புடைத்து நின்றதாம். தள்ளும்போதெல்லாம் அது வலக்கையில் வெட்டும். அந்தக் கையை விரித்துக் காட்டினார். பெருவிரலடியில் ஒரு வெள்ளைக் கோடு. அது எனக்கு அதுவரை தெரியாது.

குகன் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். "என்ன செய்யிறது அக்கா? இல்லை எண்டாலும் அழுகினம், ஓம் எண்டாலும் அழுகினம். ஓம் எண்டால் சந்தோசமாய் அழுகினம். லண்டன் அண்ணை ஒருத்தரும் உந்த ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடிச்சுத்தான் அழுதவர்."

அம்மா சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். "அம்மாவுக்கு வயசு போட்டுது. காரைப் பற்றி அவவுக்கு என்ன தெரியும்?" என்றார். "ஸ்ரார்ட் பண்ணச் சொல்லு, சத்தத்தைக் கேப்பம்."

ஸ்ரார்ட் ஆகவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. குகன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒருக்காத் தள்ளினால் பிடிக்கும்" என்றார். அம்மாவின் கை தானாகவே சேலைத் தலைப்புக்குப் போனது. பாதியில் நின்றது. அவர் முன்பக்கம் நடந்துபோய், கதவைத் திறந்து, சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் ஏறி அமர்ந்தார்.

"அம்மா, எங்கடை இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அதுதான் பிள்ளை ஏறினனான். எங்கடை எண்டால் நான் பின்னுக்கெல்லோ நிக்கோணும்."

குகன் ஸ்ரியறிங்கின் முன் ஏறி அமர்ந்தார். போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்து தள்ளினேன். எஞ்சின் உறுமிப் பிடித்தது. குகன் நிறுத்தவில்லை. பின்கண்ணாடியில் அம்மாவின் வெள்ளைக் கொண்டை நிமிர்ந்து தெரிந்தது. அது திரும்பவே இல்லை.

கைப்பைக்குள் இருந்து அண்ணன் கத்தினார். "அப்பான்ரை சத்தமேதான்! ஏன் குறைஞ்சுகொண்டு போகுது? நீ எங்கையடி நிக்கிறாய்?"

உள்ளங்கைகள் இரண்டும் எரிந்தன. புகை இன்னும் அடங்கவில்லை.

"ரோட்டிலை நிக்கிறன் அண்ணை," என்றேன்.