ஐந்து டிக், இரண்டு டிக்

போன வாரம் மண்ணூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டின் அட்டைப்பெட்டி கைக்கு வந்தது. உள்ளே கார்டு இல்லை. நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் செக் ஷீட். பிரேக் பாகத்தின் அளவுகளை எழுத வேண்டிய கட்டங்களில், பென்சிலில் என் கையெழுத்து: மெமரி, வேகம், பிட், கரண்ட், ஒயர், நீளம், வருடம். எதிரே இரண்டு கார்டுகளுக்கும் டிக். ஒன்றுக்கு ஐந்து, மற்றதற்கு இரண்டு. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது என் தங்கைக்காகப் போட்ட தாள். அனிமேஷன் படித்திருந்தாள். சென்னையில் ஒரு ஸ்டுடியோ, ஒரு நிமிடம் தண்ணீர் ஓடும் காட்சியைச் செய்து அனுப்பச் சொல்லிப் பத்து நாள் கெடு கொடுத்திருந்தது. தேறினால் அங்கே வேலை. தேறாவிட்டால் என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அவள் செம்பரம்பாக்கம் ஏரி மதகைச் செய்ய ஆரம்பித்தாள். முதல் ஷிப்ட் முடிந்து நான் திரும்பும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு திரையின் நீலத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். நான் சீருடையைக்கூட மாற்றாமல் பின்னால் படுத்துப் பார்ப்பேன். திரையில் சத்தமே கிடையாது. ஆனாலும் பாதித் தூக்கத்தில் எனக்குத் தண்ணீர் விழும் ஓசை கேட்கும். அந்த மாதிரி மத்தியானங்கள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர் அந்தத் தண்ணீரைத் தாங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில், படத்தைத் திக்காமல் ஓடவைக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு இருந்தன. "ரெண்டும் நல்லா ஓடுது மேடம், எது வோணுமோ எத்துனு போங்க" என்றார் கடைக்காரர். ஒன்றில் இரண்டு ஜிபி மெமரி, அறுபத்து நான்கு பிட். இன்னொன்றில் ஒரு ஜிபிதான், ஆனால் வேகமான ரகம், நூற்று இருபத்தெட்டு பிட். அதை மாட்டினால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து செக் ஷீட் போட்டேன். "இன்னாக்கா, இதுக்கும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்று தங்கை சிரித்தாள். மெமரி அதிகம், கரண்ட் குறைவு, தனி ஒயர் வேண்டாம், நீளம் அடக்கம், வருடம் புதுசு. ஐந்து டிக் விழுந்த இரண்டு ஜிபி கார்டை மறுநாளே பெருமையாக வாங்கி வந்தேன்.

எங்கள் லைனில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நட்சத்திர அளவு தவறினால் அந்தப் பாகம் நேராகச் சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். தினமும் அதைச் செய்கிற நான், வீட்டில் நட்சத்திரம் போட மறந்து டிக்கை எண்ணினேன்.

புதுக் கார்டிலும் தண்ணீர் திக்கித் திக்கித்தான் ஓடியது. "நல்லாத்தான் கீதுக்கா" என்றாள் அவள். பத்தாம் நாள் அரை நிமிடக் காட்சிதான் முடிந்திருந்தது. ஸ்டுடியோவிலிருந்து பதில் வரவில்லை. அடுத்த மாதம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மூன்று வருடம் லைனில் நின்றாள்.

பிறகு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணன்தான் எனக்கு விளக்கினார்: "ஏரி பெருசா இருந்து இன்னா பண்றதும்மா, மதகு சின்னதாச்சே. பிட்டுதான் மதகு." அன்று தங்கையிடம் போய் அழுதேன். "வுடுக்கா, நமக்கு இன்னா தெரியும் அப்போ" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். இப்போது அவள் ஹைதராபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறாள். போக வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

ஏணியில் உட்கார்ந்தபடி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிட் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், பென்சிலில் போட்டு ரப்பரால் அழித்த தடம். நான் போட்டதல்ல, என் நட்சத்திரம் இவ்வளவு அழகாக வராது. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"தெரிஞ்சினே ஏண்டி சொல்லல?"

"அந்தக் கார்டுன்னா பவர் சப்ளையும் வாங்கணும்ல. அதுக்கும் சேத்து நீ ஓவர்டைம் பாப்ப. ஏற்கெனவே நாலு ஞாயித்துக்கெழமையா நீ வூட்லயே இல்ல. உன் காலு வேற வீங்கினு இருந்துச்சி. அதான்கா அழிச்சிட்டேன்."

எந்தக் குறையும் என் கண்ணுக்குத் தப்பாது என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்ட வரி ஒன்றே ஒன்று, என் கால். அவள் நட்சத்திரத்தை அழிக்கவில்லை. அங்கே மாற்றிப் போட்டிருக்கிறாள்.