கட்டிலில் இருந்தது பெரியம்மா

'காப்பீடு செய்யப்பட்டவர்' என்றால் யார் என்று எழுதியவன் நாரணாபுரம் பக்கம் வந்திருக்கவே மாட்டான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பெரியம்மா, மூச்சிழுப்பு வந்து வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் இடத்தில் அம்மா போய் உட்கார்ந்தாள். பதிவேட்டில் பெரியம்மா பெயரே இருந்தது. மாற்றச் சொன்னதற்கு போர்மேன், "பேரா வந்து வெடி சுத்தப்போகுது? கைதான. பேசாம உக்காருங்க" என்றான். எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் வேலை பார்த்தார்கள். இரண்டு வருடம் அம்மா அங்கே பெரியம்மா பெயருக்குத்தான் திரும்பினாள்.

ஒரு சீசனில் வெடிமருந்து தீப்பிடித்து அம்மாவின் வலது கை வெந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். செலவை இன்சூரன்ஸ் தரும், ஆனால் ஆள் பெரியம்மாவாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு போர்மேன் நழுவினான்.

விசாரிக்க ஆள் வரும் காலையில் பெரியம்மா என்னை ஆஸ்பத்திரி வராண்டாவில் நிறுத்தினாள்.

"ஏ புள்ள, அவுக கேட்டா கட்டில்ல இருக்கறது பெரியம்மான்னு சொல்லு. நான்தான் உங்கம்மா. ஒளறுன, அவ கை அம்புட்டுத்தான்."

இன்சூரன்ஸ்காரர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தாளை வாசித்தார். காப்பீடு செய்யப்பட்டவர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ள, அங்கே வேலை செய்யும் ஆள். அம்மாவுக்கு வேலை இருந்தது, பெயர் இல்லை. பெரியம்மாவுக்குப் பெயர் இருந்தது, வேலை இல்லை. அந்தத் தாளுக்கு இரண்டு பேருமே ஆள் இல்லை. வெந்த கை மட்டும் நிஜம்.

நான் கட்டிலில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, இவங்க யாரு?"

"பெரியம்மா."

"அப்ப உங்க அம்மா?"

விரலை நீட்டி பெரியம்மாவைக் காட்டினேன். பிள்ளை இல்லாத அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வேகமாக எழுதி, அம்மாவின் இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டினார்.

"பெரியம்மாவ நல்லாப் பாத்துக்க, பாப்பா" என்று எழுந்து போனார்.

பெரியம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா சிரித்தாள், அழுதாள். எனக்கு பன்னும் டீயும் கிடைத்தன. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகப் பிழைத்தன.

ஒரு ஆபீசரையே ஏமாற்றிவிட்டேன் என்று பல நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். வளர்ந்த பிறகுதான் உறைத்தது: பெரியம்மாவை ஒரு கையால் காட்டியபோது, இன்னொரு கையால் அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் பார்த்தது அந்தக் கையைத்தான்.