மூன்றாவது விதி

எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சருக்குப் பாடத்தைப் புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்துவிட்டுப் போகத் தெரியாது. எல்லாவற்றையும் நடித்துக் காட்டியாக வேண்டும். கணக்கு டீச்சரான எனக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. ஆனால் அவள் வகுப்பில் தூங்கிய பிள்ளை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று கோள் என்றால் என்ன என்று பாடம். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டு ஒன்பது பேரை நிறுத்தினாள். கடைசி வட்டத்தில், அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒல்லிக்குச்சிப் பெண். அதுவரை எந்த விளையாட்டுக்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"சூரியனைச் சுத்தணும். உருண்டையா இருக்கணும். மூணாவது, தன் பாதையில தான்தான் பெரிய ஆளா இருக்கணும், மத்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கடைசி வட்டம் முழுக்கக் கூழாங்கற்களை இறைத்தாள் டீச்சர். "புளூட்டோ பாதையில பாருங்க, எவ்வளவு கிடக்கு! இது கோளா?"

"இல்ல! வெளிய போ!" மொத்த வகுப்பும் கத்தியது. டீச்சரும் சிரித்தபடி அவளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள்.

பாடம் பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது. பதியாமல் என்ன? மறுநாளிலிருந்து அவள் பெயரே புளூட்டோ. சாப்பிட உட்கார்ந்தால் "மூணாவது விதி!" என்று கத்திவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தன அந்த வாண்டுகள். டீச்சர் திட்டினாள், கெஞ்சினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பெண் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

டீச்சர் அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா தையல்காரி. மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அடிச்சும் பாத்துட்டேன் டீச்சர். பிடிச்ச பிடியிலயே நிக்கிறா." மூலையில் மகள் ஏதோ ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி கண்ணு. இந்தத் தடவை உன்னைச் சூரியனாவே நிக்க வைக்கிறேன்."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையின் முகம்.

"முதல் ரெண்டு விதியும் சரியாத்தானே இருந்துச்சு டீச்சர். மூணாவதுக்குப் புளூட்டோ என்ன செஞ்சிருக்கணும்?"

"அதால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றாள் டீச்சர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிய வாய்.

"அதான் நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பட்டனை எடுத்தாள்.

"அடிப்பாவி, ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவே?" என்று திரும்பி இறங்கும்போது மாடிப்படியில் டீச்சரிடம் கத்தினேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. டீச்சர் இப்போது புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறாள். பிள்ளைகள் தூங்குகிறார்கள், அவள் எழுப்புவதில்லை.