ஏ ஷிப்டில் போய் சி ஷிப்டில் திரும்பியவர்

முதலாம் ஆண்டு செமஸ்டர் விடுமுறைக்குச் சேலத்திலிருந்து ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு மூட்டை அழுக்குத் துணியும் மூன்று மாபெரும் திட்டங்களும் இருந்தன. சொந்தமாக ஒரு வெப்சைட், தமிழில் ஒரு பிளாக், ஒரு குறும்படம். துணியை அம்மா அன்றைக்கே துவைத்துவிட்டார். மற்ற மூன்றும் என் பொறுப்பு.

அப்பாவுக்கு என் படிப்பின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. விஷுவல் கம்யூனிகேஷன் என்றால் என்னவென்று கேட்கிறவர்களிடம், "கேமரா பிடிக்கிற படிப்பாம்" என்று அந்த 'ஆம்'-ஐக் கொஞ்சம் இழுத்தே சொல்வார். அவர் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். முடிந்து வருகிற பாகங்களைப் பார்த்து ஓகே, திருத்தினால் தேறுகிற ரீஒர்க், ரிஜெக்ட் என்று மூன்று பெட்டிகளில் பிரிப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூன்று பெட்டிகளும் அவர் கண்ணிலேயே இருக்கும். அம்மாவின் ரசமே பல நாள் ரீஒர்க்குக்குப் போயிருக்கிறது.

வந்த அன்றே ஒரு தாளை என் முன்னால் வைத்தார். கம்பெனி அப்ரெண்டிஸ் விண்ணப்பம். என் பெயர், பிறந்த தேதி எல்லாம் அவரே அழகாக எழுதி முடித்திருந்தார்.

"இந்த லீவுல முடிச்ச வேலை ஒண்ணே ஒண்ணு காட்டு. காட்டிட்டா நீ படிக்கறதையே படி. இல்லன்னா இதுல கையெழுத்து போடு. எத்தனை ஆரம்பிச்சேன்னு எனக்கு வேணாம். முடிச்சது வேணும்."

சொல்லிவிட்டுத் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்று கேட்கிறாரே, நான் மூன்று காட்டப் போகிறேனே என்று.

பிளாக்குக்குப் பெயர் வைக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் 'நான் ஏன் எழுதுகிறேன்' என்று முதல் பதிவு எழுதினேன். வேறெதுவும் எழுதாத ஒருவன் அதை எழுதியிருக்க வேண்டாம்தான். வெப்சைட்டுக்குக் கறுப்புப் பின்னணியா அடர்நீலமா என்பதில் இரண்டு நாள் போனது. 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் 'விரைவில்' என்று போட்டு மூடினேன்.

குறும்படம் மட்டும் தெளிவாக இருந்தது. ஒரு தொழிலாளியின் ஒரு நாள். வசனம் கிடையாது. நாயகன் அப்பா, சம்பளம் கேட்கமாட்டார். முதல் வாரம் அவருக்கு ஏ ஷிப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு வரை. ஐந்தே கால் மணிக்கு, லேசான நீல வெளிச்சத்தில், சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை எடுத்தேன். அருமையாக வந்தது. திரும்பி வருவதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வெப்சைட்டின் நிறத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மறுபடி நினைவு வந்தபோது அடுத்த வாரம் பிறந்து, அப்பா சி ஷிப்டுக்கு மாறியிருந்தார். இரவு போய்க் காலை ஏழு மணிக்கு முன்னால் திரும்புகிற ஷிப்ட். எனக்கு அதுவே வசதியாகப் பட்டது, அவர் காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவதை எடுத்துவிட்டேன். இரண்டரை மணி வெயிலில் முகம் நன்றாகவா விழும்? காலைப் பொன்வெயிலை மாலை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

மூக்கண்டப்பள்ளியில் இருந்துகொண்டு நான் அப்படி நினைத்தேன். மூன்று தெருவும் கம்பெனி பஸ்ஸைப் பார்த்து அடுப்பு பற்றவைக்கிற ஊரில்.

ஞாயிறு மாலை டிவியில் படத்தைப் போட்டேன். அம்மா கீழ்வீட்டு மாமாவையும் அத்தையையும் கூப்பிட்டிருந்தார். மாமா திருநெல்வேலிக்காரர், பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர். படம் ஆறு நிமிடம். அப்பா பஸ்ஸில் ஏறியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இறங்கியபோது ஒரு அமைதி. கலையின் வெற்றி என்று நினைத்தேன்.

"ஏல, இது சி ஷிப்ட் பஸ்லா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, அது சாயங்காலம்."

"சாயங்காலமா? கேட்ல பால் பாக்கெட்டு தொங்குது. எதுத்த வீட்ல கோலம் ஈரமா கெடக்கு. இறங்கி வர்றவன் பூரா நம்ம சி ஷிப்ட் பயலுவ."

அம்மா படத்தை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "ஆமாங்க, காலையில போனவரு மறுநாள் காலையிலதான வர்றாரு. ஒரு நாள் பூரா உள்ளயேவா இருந்தீங்க? எதுக்கு என்கிட்ட சொல்லல?"

நடக்காத டூட்டிக்கு அப்பா பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஒருவன் இருபத்துநாலு மணி நேரம் நின்றான் என்று வெளியே தெரிந்தால் அவன் பார்த்த பீஸ் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள் என்று மாமா வேறு எடுத்துக்கொடுத்தார். தொழிலாளியின் வாழ்க்கையைச் சொல்லக் கிளம்பியவனுக்கு அப்பாவின் ஷிப்ட் தெரியவில்லை.

எல்லோரும் போனதும் அப்பா டிவியை அணைத்தார். பீரோ சாவியைத் தேடுகிறார் என்றே நினைத்தேன்.

"ரிஜெக்ட் இல்ல. ரீஒர்க். திரும்பி வர்றத மறுபடி எடு."

எடுக்கலாம்தான். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கு மதியம் போய் இரவு திரும்புகிற பி ஷிப்ட், சனிக்கிழமை நான் சேலம் கிளம்ப வேண்டும். அடுத்த ஏ ஷிப்ட் வரும்போது நான் இருக்கமாட்டேன். சொன்னேன்.

புதன்கிழமை விடியற்காலை அப்பா என்னை எழுப்பினார். யூனிஃபார்மில் நின்றார்.

"இன்னைக்கு ஏ ஷிப்ட் போறேன். கூட வேல பாக்கறவருகிட்ட மாத்திக்கிட்டேன். ரெண்டரைக்கு வந்துருவேன். நீ தூங்கிடாத."

பதினெட்டு வருடத்தில் அவர் ஷிப்ட் மாற்றிக் கேட்டதில்லை. என் பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு நான் அழுது கேட்டும் மாற்றாதவர். அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன், பிளாக்கில் இரண்டாம் பதிவாக எழுதலாம் என்றுகூட. அன்று அது என்னிடமிருந்து போய்விட்டது. எழுத இருந்த ஒரே விஷயமும் போயிற்று.

இரண்டு மணிக்கே போய் நின்றேன். இரண்டரைக்கு பஸ் வந்தது. நான் பயந்த அதே வெயில். நிழலே இல்லை. அப்பா இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தார். கேமராவைப் பார்க்கவே இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே களைத்திருந்தார். அந்த முகத்தை இத்தனை வருடம் நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது கேமராவுக்குப் பின்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

ஷிப்ட் மாற்றிக் கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், எந்த நாள் என்று நாம் சொல்ல முடியாது. அவர் சனிக்கிழமையைக் கேட்டார். பாரூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. ஆக, என்னை பஸ் ஏற்றிவிடுவதாக இருந்த அப்பா அன்றைக்கும் ஏ ஷிப்ட் போய்விட்டார். நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் கிளம்பியதும் படத்தை வெப்சைட்டில் ஏற்றி அப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன். கம்பெனிக்குள் போன் கிடையாது, கேட்டில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மணி வரை காத்திருந்தேன்.

தொப்பூர் இறக்கத்தில் போன் அடித்தது.

"பாத்தேன். கேட்ல நின்னுதான் பாத்தேன். நம்ம ஆளுங்களும் பாத்தாங்க."

"எப்படிப்பா இருக்கு?"

"ஓகே."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆனா பிளாக்க அமுக்கினா ஒரே ஒரு பதிவுதான் இருக்கு, அடுத்தது விரைவில்னு வருது. என்னைப் பற்றின்னு ஒண்ணு இருக்கே, அதுலயும் விரைவில்."

"ஆமாப்பா."

"எப்போ?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த அப்ரெண்டிஸ் ஃபாரத்த இன்னும் கிழிக்கல. பஸ் வந்துருச்சு, வெச்சிடறேன்" என்றார் அப்பா.