விழுங்கிய மூன்று

ஒரே ஒரு பிழைக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன்.

துகள் இயற்பியலில் ஒரு கணக்கு உண்டு: சமச்சீர் முறியும்போது, விசைகளைச் சுமக்கும் கேஜ் புலங்கள் ஹிக்ஸ் புலத்தின் மூன்று கூறுகளை விழுங்கி நிறை பெறும். விழுங்கியதைத் திரும்ப எண்ணக்கூடாது. கூறுகளின் மொத்தம் முன்பும் பன்னிரண்டு, பின்பும் பன்னிரண்டு. ஹைதராபாத் கருத்தரங்கில் நான் அந்த மூன்றையும் மறுபடி சேர்த்துப் பதினைந்து என்று சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு பேர் முன்னால் சக பேராசிரியர் மூர்த்தி சிரித்தார்: "கொண்டாப்பூர் காய்கறிக்காரர்கூட உங்களைவிட நல்லா எண்ணுவார், சார்!"

அன்றிலிருந்து அவருடைய உரை ஒன்றையும் விடவில்லை. இருபத்து மூன்றாவது உரையில் அவரே பலகையில் பதினைந்து என்று எழுதினார். துள்ளி எழுந்தேன்.

"மூணு கூடுதல், மூர்த்தி! காய்கறிக்காரரைக் கூப்பிடட்டுமா?"

அவர் பலகையைப் பார்த்தார். "கூப்பிடுங்க சார். ஒன்பது வருஷமா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் எனக்குத் தைரியம் வரல."

அந்த ஆண்டுகளை நான் மட்டுமே எண்ணியதாக நினைத்திருந்தேன்.