பின்னங்காலில் ஒரு கம்பி

விருத்தாசலத்தில், உடைந்த பீங்கான் கோப்பைகளைக் கொட்டிவைத்திருக்கும் ஒரு காலி மனையில் விடிந்ததிலிருந்து கேமராவோடு குப்புறப் படுத்திருக்கிறேன். வானம் மூடிக்கிடக்கிறது. கருவேலம் புதரிலிருந்து ஒரு காட்டு முயல் பாய்கிறது. எட்டுப் படம் எடுப்பதற்குள் எதிர்ப்புதரில் மறைந்துவிடுகிறது.

இங்கே முயல் வரும் என்று நேற்று எனக்குச் சொன்ன செல்வி, பொம்மைப் பட்டறைக்கு வேலைக்குப் போகிற வழியில் நிற்கிறார்.

"கெடச்சுதுங்களா சார்?"

படத்தை போனுக்கு மாற்றிக் காட்டுகிறேன். நான் பெரிதாக எதுவும் திருத்துவதில்லை. கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவேன், ஓரத்தை வெட்டுவேன், அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டியதும் நிழலில் இருந்த பின்னங்கால் தெளிகிறது. அதில் ஒரு சுருக்குக் கம்பி இறுகியிருக்கிறது.

செல்வி குனிந்து பார்க்கிறார்.

"எங்க வூட்டுக்காரரு வெக்கிற கம்பி சார் இது. அதாலதான் இங்க முயல் வரும்னு எனக்குத் தெரியும். கறிய நான்தான் ஆக்கறேன்." பிறகு தயங்கிக் கேட்கிறார். "அந்தக் காலு மட்டும் தெரியாம பண்ண முடியுங்களா?"

படத்தின் கீழ் ஓரத்தை விரலால் மேலே தள்ளுகிறேன். கால்கள் போய்விடுகின்றன. முயல் ஓடுகிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்றே இப்போது தெரியவில்லை.

"நேரமாச்சுங்க, போயிட்டு வரேன்" என்று என் முகத்தைப் பார்க்காமல் நடக்கிறார்.

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, முயல் நுழைந்த புதரை விலக்கித் தேடுகிறேன். முள் கையைக் கிழிக்கிறது. மண்ணில் கம்பி இழுபட்ட கோடு வேலி வரைக்கும் போகிறது. அதற்கு அப்பால் திறந்தவெளியில், தொடங்கிவிட்ட தூறல் அதை அழித்துக்கொண்டிருக்கிறது.