டியருக்குத் தமிழ் என்ன?

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது எங்கள் ஆங்கில ஆசிரியருக்குச் சொற்களின் பூர்வீகத்தைக் கிண்டுவதில் அலாதிப் பிரியம். ஒருநாள் பலகையில் 'டியர்' என்று எழுதினார். அதற்கு விலை கூடியது என்றும் ஒரு பொருள் உண்டாம். டேனிஷில் விலை கூடியதைச் சொல்லும் 'டியூர்' அதற்குக் கூடப்பிறந்ததாம். விலையுயர்ந்தது மெல்ல மெல்ல அன்புக்குரியதாகவும் ஆகிவிட்டதாம். பிறகு, வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் எப்படி அன்பாக அழைப்பார்கள் என்று கேட்டு வரச் சொன்னார்.

மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கவே தேவையிருக்கவில்லை. எல்லார் வீட்டிலும் 'ஸ்கட்', அதாவது புதையல். எனக்குத்தான் பயம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லாவிட்டால்?

"அப்பா உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இஞ்சாரும் எண்டுதான். ஏன் கேக்கிறாய்?"

ஏனென்று சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று அதைச் சொன்னேன். ஆசிரியர் நாலைந்து தரம் சொல்லிப் பழகிக் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பெற்றோர் சந்திப்பு. அம்மா முதியோர் இல்லத்திலிருந்தும் அப்பா தொழிற்சாலையிலிருந்தும் நேரே வந்திருந்தார்கள். 'டியர்' என்று கடிதம் தொடங்குவதுபோல மரியாதையாகத் தொடங்க நினைத்தார் போலும், பனைபோல் உயர்ந்த ஆசிரியர் குனிந்து அம்மாவின் கையைக் குலுக்கி, கணீரென்று சொன்னார்:

"இஞ்சாரும்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். அப்பாவின் காதுகள் சிவந்தன. தனக்குத் தெரிந்த டேனிஷில், அதற்கு 'இங்கே பாரும்' என்றுதான் அர்த்தம், ஆனால் அம்மாவிடம் அதைத் தான் மட்டுமே சொல்லலாம் என்று விளக்கினார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதையும் கொப்பியில் எழுதினார்.

திரும்பும்போது காரில் அப்பா, "இஞ்சாரும்..." என்று ஏதோ தொடங்கினார்.

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது இப்ப பள்ளிக்கூடத்துச் சொல்லு. வேறை ஏதும் சொல்லிக் கூப்பிடுங்கோ."

அப்பா காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, மிக மெல்ல, அம்மாவின் பெயரைச் சொன்னார். படிவங்களில் மட்டுமே நான் கண்டிருந்த பெயர். அதை அவர் வாயால் அதுவரை கேட்டதேயில்லை. அம்மா மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார். முகத்தைத் திருப்பவில்லை.

என் வீட்டுப்பாடத்தால் எல்லாம் பாழாய்ப்போயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. "சண்டை பிடியாதேங்கோ!" என்று பின் இருக்கையிலிருந்து ஓவென்று அழத் தொடங்கினேன்.